கண்ணாடிச் சாடியும் காற்றுப்புகா மூடியும்

கனியைச் சர்க்கரையுடன் காய்ச்சிச் சாடியில் அடைத்து வைக்கும் வழக்கம் ஐரோப்பிய இல்லங்களில் நெடுநாளையது. ஜாம் எனப்படும் அப்பழப்பாகு கெடாதிருப்பதற்கு முதற்காரணம் சர்க்கரையே. கனியின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகச் சர்க்கரை சேர்த்து, 105 பாகை செல்சியசு வரை சூடேறக் கொதிக்கவிட்டால், கனியிலுள்ள பெக்டினும் புளிப்பும் சர்க்கரையோடு கூடி அதனை உறையச் செய்கின்றன. அவ்வளவு இனிப்புச் செறிந்த இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகப் போதிய நீர் கிடைப்பதில்லை. ஆயினும் பூஞ்சணம் மேற்பரப்பில் படர்ந்துவிடும். ஆதலின் சாடியின் வாயை அடைப்பதே இல்லத்தரசியரின் பெருங்கவலையாயிற்று. பிராந்தியில் நனைத்த தாளைப் பாகின்மேல் பரப்புவர். அதன்மேல் விலங்கின் நீர்ப்பையை இழுத்துக் கட்டுவர். அஃது உலர்ந்து முரசின் தோல்போல் இறுகும். எனினும் காற்றை அது முற்றும் தடுத்ததில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் அறிவியல் பயின்றவர் அல்லர். 1749-இல் பிரான்சு நாட்டின் ஷாலோன் நகரில் பிறந்த நிக்கோலா அப்பேர், பாரிசில் இனிப்புப் பண்டங்கள் செய்து விற்றவர். பழங்களைச் சர்க்கரையில் இட்டுக் காப்பது அவருடைய தொழில். அத்தொழிலே அவருக்கு மனநிறைவு தரவில்லை என்பதுதான் வியப்பு. சர்க்கரை கனியின் இயற்சுவையை மறைக்கிறது என்பது அவர் கருத்து, விலையும் மிகுதி. எனவே அவர் உணவைத் தடித்த கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பித் தக்கையால் இறுக அடைத்தார். தக்கை பிதுங்காதபடி கம்பியால் கட்டினார். அகன்ற வாயுடைய புட்டிகளுக்குச் சுண்ணாம்பும் பாலாடைக்கட்டியும் குழைத்துப் பூசினார். பின்னர், ஒன்றோடொன்று மோதி உடையாதிருக்க ஒவ்வொன்றையும் துணிப்பையில் இட்டு, கொப்பரை நீரில் வேகவைத்தார். இம்முறை வெற்றி தந்தது.

1810-இல் பிரெஞ்சு அரசு அவர்முன் இரண்டு வழிகளை வைத்தது. காப்புரிமை பெற்று முறையைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம். அன்றி 12,000 பிராங்கு பெற்றுக்கொண்டு அதனை நூலாக எழுதி உலகிற்கு அளிக்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். நூல் அவ்வாண்டே வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்டு என்பவர் இதையொத்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிநாட்டார் ஒருவர் தெரிவித்தது என்று மட்டுமே அதில் குறித்தார், பெயரைச் சொல்லவில்லை! அப்பேரின் தொழிற்சாலையோ 1814-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் சீரழிந்தது. 1841-இல் வறுமையில் இறந்த அவரைப் பொதுக்குழியில் புதைத்தனர்.

தம் முறை ஏன் பலித்தது என்பதை அவர் அறிந்தாரல்லர். காற்றிலுள்ள உயிர்வளியே கெடுக்கிறது என்றார் வேதியியலார் கே-லுசாக், அவ்விளக்கமும் பிழையே. நுண்ணுயிர்களே காரணம் என்பதைப் பாஸ்டர் நிறுவியது 1860-களில். கைத்தொழிலாளி ஒருவரின் பட்டறிவை நூலறிவு எட்டிப்பிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று எனலாம்.

தக்கையும் கம்பியும் தொழிற்சாலைக்குப் பொருந்தினும் வீட்டு அடுப்படிக்குத் தொல்லையானவை. இதற்கு வழி கண்டவர் அமெரிக்கத் தகரத் தொழிலாளி ஜான் லாண்டிஸ் மேசன். சாடியின் கழுத்தில் திருகு வரிகளை வார்த்து, துத்தநாக மூடியைத் திருகி மூடும் அமைப்பிற்கு 1858 நவம்பர் 30-இல் அவர் காப்புரிமை பெற்றார். மூடிக்கும் சாடிக்கும் இடையே இரப்பர் வளையம் அமைந்தது. கொதிக்கும் பாகை நிரப்பி மூடினால், அது ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்க, வெளிக்காற்றே மூடியை அழுத்திக் காக்கும். துத்தநாகம் உணவைத் தொட்டால் சுவை கெடும் என்ற குறையை 1869-இல் லூயிஸ் பாய்டின் கண்ணாடி உட்தகடு நீக்கியது.

மேசனுக்கும் செல்வம் நிலைக்கவில்லை. உரிமைகளைப் பிறருக்கு விற்றுவிட்டு 1902-இல் அவர் மறைந்தார். காப்புரிமைக் காலம் முடிந்தபின் அச்சாடிகளை எவரும் செய்யலாம் என்றாயிற்று. தொழிற்சாலைகள் பல அவற்றை வார்த்துக் குவித்தன. அவருக்கு எதுவும் தர வேண்டியிராத அந்நாளிலும், அவர் பெயரையும் 1858 நவம்பர் 30 என்ற நாளையும் கண்ணாடியில் பொறித்தே விற்றன.