அஞ்சற்காரரின் மரம்

கலிஃபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் நின்றிருந்த பட்டுப்போன மரம் 2002 செப்டம்பரில் வெட்டப்பட்டது. வேரழுகல் நோயோடு ஏறக்குறையப் பத்தாண்டுகள் போராடித் தோற்ற அவகாடோ மரம் அது. ஒரு மரத்தின் சாவு வரலாறாகுமா என்று நண்பர்கள் கேட்கலாம். ஆகும் என்றே நாம் கருதுகிறோம். உலகச் சந்தையில் இன்று விற்கப்படும் அவகாடோக்களில் மிகப் பெரும்பகுதி ‘ஹாஸ்’ என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தரும் மரங்கள் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் கிளைகளே, ஒட்டுக்கட்டிப் பரப்பப்பட்டவை.

அம்மரத்தை 1920களில் விதையிலிருந்து வளர்த்தவர் ருடால்ஃப் ஹாஸ் என்ற அஞ்சற்காரர். அன்று புகழோடிருந்த ஃபூயர்ட்டே வகையை அதில் ஒட்டுக்கட்ட முயன்றார்கள், ஒட்டுப் பிடிக்கவில்லை. வெட்டிவிடும் எண்ணத்தை, ஒட்டுக்கட்டும் வல்லுநரின் சொல் கேட்டுக் கைவிட்டார். கரடுமுரடான தோலுடைய அதன் பழம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. 1935இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால், ஒரு கன்றை வாங்கியவர்கள் தோட்டம் முழுவதும் தாமே ஒட்டுக்கட்டிக்கொண்டார்கள். அஞ்சல் பணியே அவருக்குச் சோறு போட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த 1952ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார்.

மரத்தின் பூர்வீகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். நாவாட்ல் மொழியினர் அதை ‘அவாகட்ல்’ என்றனர். ஐரோப்பியருக்கு அதை முதலில் எழுத்தில் அறிமுகப்படுத்தியவர் 1519இல் நூல் வெளியிட்ட ஸ்பானியர் மார்ட்டின் ஃபெர்னாந்தெஸ் தெ என்சிஸோ. இத்தனை பெரிய விதையை எந்த விலங்கு விழுங்கிப் பரப்பியிருக்கும்? யானையின் உறவினங்கள் போன்ற, அற்றுப்போன பேருயிர்களே அப்பணியைச் செய்திருக்கலாம் என்று டேனியல் ஜான்சனும் பால் மார்ட்டினும் 1982இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்.

பழத்தைக் கொடையாக நீட்டும் மரம், இலையை அப்படித் தருவதில்லை. இலை, பட்டை, விதை, பழத்தோல் ஆகியவற்றில் பெர்சின் என்னும் நச்சு உண்டு. இலைகளைத் தின்ற ஆடுமாடுகளுக்கு மடி வீங்கிப் பால் வற்றும். அளவு மிஞ்சினால் இதயத் தசையே சிதையும். குதிரை, முயல் ஆகியவற்றுக்கும் அது ஆகாது. கூண்டுப் பறவைகள் ஓரிரு நாளில் இறந்துவிடுவதுண்டு. மனிதருக்குப் பழச்சதை தீங்கு செய்வதில்லை. மெக்சிக இனத்து இலையை அந்நாட்டார் வாசனைக்காகச் சமையலிலும் சேர்க்கிறார்கள்.

மேய்வனவற்றை இப்படித் தடுத்த மரத்தால், மண்ணுக்குள்ளிருந்து வந்த பகையைத் தடுக்க முடியவில்லை. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்னும் அந்நுண்ணுயிர் 1922இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களில் கண்டறியப்பட்டது. பெயரும் அதனால் வந்ததே. அவகாடோவும் இலவங்கமும் ஒரே குடும்பத்தவை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 1940களில் அது கலிஃபோர்னிய அவகாடோ வேர்களிலும் இனங்காணப்பட்டது. அவகாடோவின் ஊட்டவேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. நீர் தேங்கினால் நோயின் நீந்தும் வித்துகள் அவற்றை எளிதில் பற்றும். வேர் கறுத்து அழுக, இலை சிறுத்து வெளிறி, உச்சிக்கிளைகள் காயும். நோயைத் தாங்கும் வேர்க்கன்றுகளைத் தேடுவதில் ஜார்ஜ் சென்ட்மயர் வாழ்நாளைச் செலவிட்டார். இன்றைய ஹாஸ் மரங்கள் பலவும் அத்தகைய அயல்வேர்களில் நிற்கின்றன. தாய்மரம் மட்டும் தன் சொந்த வேரில் நின்றது. அந்த வேரே அதைக் கைவிட்டது.

ஈழத்தமிழர் இப்பழத்தை ஆனைக்கொய்யா என்பர். பருமனைக் கண்டு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். எனினும், அதை உண்டிருக்கக்கூடிய அந்தப் பழைய யானைச் சுற்றத்தை அப்பெயர் அறியாமலே நமக்கு நினைவூட்டுகிறது.