பழைய மிதிவண்டி ஒன்றின் பிறப்புக் கணக்கு

கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் நம் நண்பரின் இல்லத்துக்கு ஒருமுறை சென்றிருந்தோம். அவ்வீட்டின் இடைகழியில், சாக்குத் துணி போர்த்தப்பட்டு, பழைய மிதிவண்டி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதனை முன்னிட்டு அண்ணன் தம்பி இருவரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு இருந்து வந்தது. 1928-ஆம் ஆண்டு பாட்டனார் தம் திருமணத்தை ஒட்டிக் கொழும்பிலிருந்து கொணர்ந்த வண்டி அது என்பார் மூத்தவர். "இல்லை, நம் வாப்பா 1955 வாக்கில் மதுரையில் பழைய வண்டியாக வாங்கியது. அப்பாவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை" என்பார் இளையவரான நம் நண்பர். பழம்பொருள் வாங்குவோர் ஒருவர் வந்து நல்ல விலை கூறிச் சென்றதும் வழக்கு முற்றிவிட்டது. பாட்டனாரின் வண்டியாயின் விற்பதில்லை, அல்லவாயின் விற்றுவிடுவது என்ற ஒன்றில் மட்டும் இருவரும் உடன்பட்டிருந்தனர். பழைய ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுதுகிறவர்தாமே, இரும்பையும் படித்துச் சொல்லுங்கள் என்று நம்மிடம் விட்டனர்.

இரும்பைப் படிப்பதும் ஏட்டைப் படிப்பது போன்றதே. ஓரிடத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பினால் ஏமாற நேரும்.

இன்று நாம் அறிந்த உருவில் மிதிவண்டி தோன்றியது 1885-ல். கவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்குமாறு 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். அதன்பின் கவென்ட்ரியும் பர்மிங்காமும் நாட்டிங்காமும் மிதிவண்டியின் பட்டறைகளாயின. அங்கிருந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பல்லாயிரக்கணக்கில் அவை கப்பலேறின. நம் ஊர்களில் பரணிலும் கொட்டிலிலும் கிடக்கும் பழைய வண்டிகள் பல அவ்வாறு வந்தவையே.

வண்டியின் பெயரை அறிய விழைவோர் முதலில் நோக்குவது கைப்பிடியின் கீழ், தலைக்குழாயில் பதித்த முத்திரைத் தகட்டை. ராலே வண்டியாயின் நாரையின் தலை, பி.எஸ்.ஏ. எனில் கூராகச் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள், ஏனெனில் அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்வதற்கென்றே 1861-ல் தோன்றிய நிறுவனம். ரட்ஜ் எனில் விரித்த உள்ளங்கை. ஆனால் தகடு என்பது சிறு ஆணிகளால் பொருத்தப்படுவது. கழற்றலாம், மாற்றலாம். ஆகவே தகட்டைவிட அதன் அடியிலுள்ள துளைகளைக் கவனிப்பது நலம். இருக்கும் தகட்டுக்குப் பொருந்தாத துளை ஒன்று வண்ணத்தின் கீழ் மறைந்திருக்குமாயின், அங்கே முன்னர் வேறொரு பெயர் இருந்தது என்று கொள்ளலாம்.

தகடு உண்மையானதே எனினும் முழு உண்மையையும் அது சொல்வதில்லை. இங்கே சற்று நின்று நாட்டிங்காமின் வரலாற்றைக் காண வேண்டும். அந்நகரில் ராலே தெரு என்னும் தெருவில் மூவர் சேர்ந்து ஒரு சிறு பட்டறை நடத்தினர். ஹாங்காங்கில் பொருளீட்டி, உடல் நலிந்து தாயகம் திரும்பிய பிராங்க் பௌடன் என்பார் மிதிவண்டி ஓட்டி நலம் பெற்றார். தமக்கு நலம் தந்த வண்டியைச் செய்தவர்களைத் தேடிச் சென்று அப்பட்டறையையே தமதாக்கிக்கொண்டார் என்பர். தெருவின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. அவருடைய குடும்பச் சின்னத்து நாரை பின்னர் வண்டியின் நெற்றியில் ஏறியது. அந்நிறுவனம் 1932-ல் ஹம்பர் மிதிவண்டித் தொழிலையும் 1943-ல் ரட்ஜையும் 1957-ல் பி.எஸ்.ஏ.யின் மிதிவண்டித் தொழிலையும் வாங்கிற்று. வாங்கியபின் பழைய பெயர்களை அழித்துவிடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அதற்கென்றே பற்றுள்ள வாடிக்கையாளர் இருந்தனர். அவர்களை இழக்க எந்த வணிகர் ஒப்புவார்? ஆகவே ஹம்பர், ரட்ஜ் என்ற பழைய தகடுகளோடு நாட்டிங்காமின் வண்டிகள் வெளிவந்தன. 1960-ல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் முதலியவற்றை உடைய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு ராலேயும் இணைந்தது. அதன்பின் தகட்டில் உள்ள பெயருக்கும் வண்டியைச் செய்த கைக்கும் உள்ள உறவு இன்னும் தளர்ந்தது.

தகட்டுக்கு அடுத்த சாட்சி, மிதிகட்டையோடு சுழலும் பெரிய பல்சக்கரம். அக்காலத்து நிறுவனங்கள் அதன் நடுவே தம் சின்னத்தையே வெட்டி அமைத்தன. ராலேயில் நாரைத் தலைகள், ரட்ஜில் கை, ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள். முத்திரைத் தகட்டை மாற்றுவோர் இதனை மாற்றுவது அரிது. எனினும் ஓர் எச்சரிக்கை: பி.எஸ்.ஏ. தன் உதிரிப் பாகங்களைப் பிற வண்டி செய்வோருக்கும் தாராளமாக விற்று வந்தது. துப்பாக்கிக் குறியிட்ட பாகம் ஒன்றிரண்டு இருப்பதைக் கண்டு வண்டியே பி.எஸ்.ஏ. என்று முடிவு கட்டுதல் தவறு. நம் நாட்டில் அத்தவற்றைச் செய்யாதார் சிலரே.

இவையனைத்தினும் உறுதியான சாட்சி கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கிறது. மிதிகட்டையின் அச்சு சுழலும் கப், சட்டத்தினுள் மரையால் முறுக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அம்மரை அங்குலத்துக்கு 24 சுற்று. நாட்டிங்காமின் ராலே ஆலை மட்டும் தனக்கென்று 26 சுற்று மரை வைத்திருந்தது. தகட்டை மாற்றலாம், வண்ணத்தை மாற்றலாம்; சட்டத்தின் வயிற்றில் வெட்டிய மரையை யார் மாற்றுவார்? பொருந்தாத கப்பை முறுக்கிப் பார்த்து அலுத்த பழைய சைக்கிள் கடைக்காரர்களுக்கு இக்கணக்கு நூல் படிக்காமலே தெரியும்.

பெயரை அறிந்தபின் வயது. பலரும் சட்டத்தில் பொறித்த எண்ணையே நாடுவர். பெயரளவில் அது சரியான வழி. ஆனால் பல நிறுவனங்களின் பதிவேடுகள் இன்று இல்லை. சில நிறுவனங்கள் எண்ணை ஒரு சுற்று முடித்து மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கின. எண்ணைவிட நம்பத்தக்கது பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப். ஸ்டர்மி ஆர்ச்சர் எனப்பட்ட மூன்று வேகக் கியர் ஹப் 1903-ல் விற்பனைக்கு வந்தது. ராலேயைச் சார்ந்த அந்நிறுவனம் ஹப்பின் மேற்புறத்திலேயே அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்து வந்தது. போருக்குப் பிந்தியவற்றில் 52, 11 என இரு எண்கள் இருந்தால் 1952 நவம்பர் என்று கொள்ள வேண்டும். போருக்கு முந்தியவற்றில் ஆண்டின் கடைசி இலக்கம் ஒன்றே இருக்கும். அந்த ஒற்றை இலக்கம் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்பதை ஹப்பின் வகையைக் கொண்டு அறியலாம். மிகப் பரவலான ஏ.டபிள்யூ. என்ற வகை 1936-ல்தான் வந்தது.

அந்த ஹப்பைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதில் பொறித்த பெயர்கள் ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவருடையவை. ஆனால் அதன் அமைப்பை உண்மையில் வகுத்தவர் வில்லியம் ரைலி என்ற பொறியாளர் என்றும், வேறொரு நிறுவனத்தோடு அவர் செய்திருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றமையால் உரிமைப் பத்திரம் ஆர்ச்சர் பெயரில் எடுக்கப்பட்டது என்றும் இத்துறை ஆய்வாளர் காட்டியுள்ளனர். கோடிக்கணக்கான சக்கரங்களில் இருவர் பெயர் சுழன்றது. மூன்றாமவர் பெயர் ஏட்டில் மட்டும் தங்கிற்று.

ஹப் மட்டும் போதாது. சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லவா? எனவே பிற சான்றுகளும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். முலாம் சற்று மஞ்சள் சாயலுடைய நிக்கலாயின் பெரும்பாலும் 1930-க்கு முந்தியது. நீலம் பாய்ந்த பளபளப்புள்ள குரோமியமாயின் அதற்குப் பிந்தியது. போர்க்காலத்தில் முலாமுக்குத் தட்டுப்பாடு. வழக்கமாக மின்னும் பாகங்களும் கறுப்பு வண்ணம் பூசி வந்தன. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி என்பது பிரிட்டிஷ் வழக்கம். அவ்வழக்கம் நம் நாட்டு வண்டிகளிலும் தொடர்வதைப் பலரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1949-ல் சென்னையில் முருகப்பா குடும்பத்தார் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. அசன்சோலில் சென்-ராலே எழுந்தது. எனவே ஹெர்குலிஸ் என்றோ ராலே என்றோ பெயர் கண்ட மாத்திரத்தில் கப்பலில் வந்தது என்று பெருமை கொள்வதற்கில்லை.

இனி நம் வழக்குக்கு வருவோம். சாக்கை நீக்கியதும் முன்முள் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இறங்குவதைக் கண்டோம். அது ஹம்பரின் பெயர்பெற்ற அடையாளம். பல்சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் தேய்ந்தும் தெளிவாக இருந்தன. மூத்தவர் முகம் மலர்ந்தது. ஆனால் ஹம்பர் இரட்டை முள்ளை மிகப் பழங்காலத்திலிருந்தே செய்து வந்தது. அதனைக் கொண்டு 1928 என்றும் சொல்லலாம், 1938 என்றும் சொல்லலாம். அவ்வூர்ச் சைக்கிள் கடையின் முதியவரை அழைத்துக் கப்பைக் கழற்றச் செய்தோம். மரையளவியை வைத்து எண்ணினால் 26. நாட்டிங்காமின் மரை. ராலே ஹம்பரை வாங்கியது 1932-ல். 1928-ன் திருமணத்துக்கு இவ்வண்டி வந்திருக்க இயலாது. மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பின்ஹப்பின் அழுக்கை மெல்லத் துடைத்தோம். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் அருகே 8 என்ற ஒற்றை இலக்கமும் தெரிந்தன. 1938. முலாமும் கம்பிகளும் ஹப்பும் ஒரே மூப்பைக் காட்டின. சக்கரம் மாறியதற்கு அடையாளம் இல்லை.

"பார்த்தீர்களா, பழைய வண்டியாக வாப்பா வாங்கியதுதான்" என்றார் நண்பர். அவ்வாறு இருக்கவும் கூடும். 1938-ன் வண்டி 1955-ல் விலைக்கு வருவது அரிதன்று. அதைப் பளபளக்கத் தேய்த்து வண்ணம் பூச வேண்டும் என்று அவர் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். நல்லவேளை, பூசவில்லை. இருக்கையைத் தாங்கும் குழாயின் பின்புறத்தில், கறுப்பின் மேல் பொன்னிறத்தில், விற்ற கடையின் ஒட்டெழுத்து சிறிது எஞ்சியிருந்தது. கடையின் பெயர் அழிந்துவிட்டது. அதன் கீழ் ஊரின் பெயர் மட்டும் படிக்கக் கிடைத்தது: கொழும்பு. உப்புத்தாள் இரண்டு முறை போயிருந்தால் அதுவும் போயிருக்கும்.

கொழும்பில் கடை வைத்திருந்தவர் பாட்டனார். அவர்களின் வாப்பா இலங்கைக்குச் சென்றதேயில்லை. சகோதரர் இருவரும் அவ்வெழுத்தை மாறி மாறிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கட்டிலில் அமர்ந்திருந்த அவர்களின் மாமி, பாட்டனாரின் கடைசி மகளார், குரல் கொடுத்தார்.

"நான் பிறந்த வருசம் வந்த சைக்கிள் அது. உம்மா சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். உங்கள் இருவரில் ஒருவராவது என்னிடம் கேட்டீர்களா?"

நண்பர் சாக்குத் துணியை எடுத்து வண்டியின் மேல் மீண்டும் போர்த்தினார். விலை கூறிச் சென்றவருக்கு மறுநாள் காலையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.