சக்கரமும் காலின் நீளமும்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே இராமநாதபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், உப்பளங்களையொட்டி அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற இக்கரையோரம் மேடு பள்ளமற்ற சமநிலம். சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடைப்பது அரிது. காற்று ஒன்றே எதிரி.

இவ்வூரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, விடுமுறையில் இச்சாலை வழியே இராமேசுவரம் வரை சைக்கிளிலேயே போய்வர எண்ணி, கியர் வைத்த புது வண்டி ஒன்று வாங்கினாள். அவள் உயரம் 149 செ.மீ. கடையில் இருந்தவற்றுள் மிகச் சிறிய சைஸைத்தான் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று குறைகளுடன் வந்தாள். தரையில் கால் ஊன்றி நின்றால் குறுக்கே உள்ள பார் இடிக்கிறது. பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கின்றன. மெதுவாகத் திரும்பும்போது செருப்பின் முனை முன்சக்கரத்தில் உரசுகிறது. “வண்டி நல்ல வண்டிதான் சார், நான்தான் குட்டை” என்றாள்.

இது சரியா? விடை காண, 1870களில் இங்கிலாந்தில் ஓடிய உயரச் சக்கர சைக்கிளிலிருந்து தொடங்க வேண்டும். முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் தட்டு போன்ற சிறு சக்கரம் உடைய அந்த வண்டியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதில் சங்கிலி கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதான் சுற்றும். விரைவாகப் போகப் பெரிய சக்கரம் வேண்டும்; ஆனால் சக்கரத்தின் மேல் உட்காருபவரின் கால், கீழே வரும் பெடலை எட்ட வேண்டும். ஆகவே அவரவர் கால் நீளத்திற்கேற்ற சக்கரத்தையே வாங்கினார்கள்.

நெட்டையான ஒருவர் 60 அங்குலச் சக்கரத்தில் ஏறுவதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு 4.79 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 17 கி.மீ. வேகம். குட்டையானவருக்கு 48 அங்குலச் சக்கரந்தான் எட்டும், சுற்றளவு 3.83 மீட்டர். அதே 60 சுற்றுக்கு அவர் போவது 14 கி.மீ.கூட இல்லை. வண்டியின் அமைப்பே அவரைப் பின்தங்க வைத்தது.

இக்கட்டை அவிழ்த்தது சங்கிலி. 1884-இல் வந்த ‘கங்காரு’ என்னும் வண்டியில் பெடல்களைக் கீழே இறக்கி, சங்கிலியாலும் பற்சக்கரங்களாலும் முன்சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்ற வைத்தார்கள். அடுத்த ஆண்டே கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய் ‘ரோவர்’ வண்டியைச் செய்தார். இன்றைய சைக்கிளின் மூதாதை இதுவே. முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 28 அங்குலச் சக்கரம் 68 அங்குலச் சக்கரத்தின் வேலையைச் செய்யும். (கியரின் அளவை இன்றும் பலர் அங்குலத்தில் சொல்வது அந்தப் பழைய சக்கரத்தின் நினைவாகத்தான்!) வேகத்தைப் பல் எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும்போது, சக்கரம் எந்த அளவிலும் இருக்கலாம். குட்டையானவர் சிறு சக்கரம் போட்டுக்கொண்டு நெட்டையானவருக்கு ஈடாகப் போகலாம்.

ஆனால் நடந்தது வேறு. பெரிய சக்கரம் குழிகளில் அவ்வளவாக இறங்காமல் உருண்டுவிடும் என்பது உண்மை. அக்காலச் சாலைகளுக்கு அது தேவையாகவும் இருந்தது. தொழிற்சாலைகளுக்கோ எல்லா வண்டிக்கும் ஒரே ரிம், ஒரே டயர் என்பது வசதி. 28 அங்குலம் நிலைத்துவிட்டது.

ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தவை இவ்வகைக் கறுப்பு வண்டிகளே. 1949-இல் சென்னையில் பிரிட்டிஷ் கூட்டுறவோடு தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், அம்பத்தூர்த் தொழிற்சாலையில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில், அதே அமைப்பில் வண்டிகளைச் செய்தது. கணக்கைப் பாருங்கள். 22 அங்குல பிரேமில் குறுக்கு பார் தரையிலிருந்து ஏறத்தாழ 82 செ.மீ. உயரத்தில் இருக்கும். இந்திய ஆணின் சராசரி உயரம் 165 செ.மீ. அளவே, அவர் உட்காலின் நீளம் 76 செ.மீ. இருக்கலாம். அதாவது, குட்டையானவர் கிடக்கட்டும், சராசரி மனிதராலேயே இந்த வண்டியின் மேல் இரு கால்களையும் ஊன்றி நிற்க முடியாது! ஒரு காலைப் பெடலில் வைத்து, மறு காலால் உந்தி உந்தி ஓடவிட்டு, கேரியருக்குப் பின்னால் காலை வீசி ஏறும் நம் தாத்தாக்களின் முறை பழக்கமல்ல, கட்டாயம்.

சிறுவர்களுக்கு அதுவும் இயலாது. அவர்கள் கண்டதுதான் குரங்கு பெடல். வலக்காலைப் பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் நுழைத்து, சீட்டில் உட்காராமலே மிதிப்பது. உடல் இடப்புறம் தொங்கும். அதற்கு ஈடாக வண்டியை வலப்புறம் சாய்ப்பார்கள். உடலும் வண்டியும் சேர்ந்த பொது ஈர்ப்பு மையம் டயர் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர்மேலே நின்றால் போதும், வண்டி விழாது. இந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்தாமலே தமிழ்நாட்டுச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேறினார்கள். 2024-இல் இப்பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. வாடகைக் கடைகளில் அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று சிறு வண்டிகளும் இருந்தன. ஆனால் கையில் காசு வேண்டுமே!

பெண்களுக்காகப் பாரை இறக்கி வளைத்த வண்டி 1880களின் இறுதியிலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. முக்கோணம் வடிவம் மாறாதது. அதன் மேல் பக்கத்தை எடுத்தால் உறுதி குறையும், கூடுதல் எடையுள்ள குழாய் போட்டு ஈடுகட்ட வேண்டும். ஏறுவது எளிதாயிற்றே தவிர, கைப்பிடி எட்டும் தூரம் குறையவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதில் பெரும் பங்கு ஏற்றார். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றனர். 1992-93-இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதுகிறார். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தது; ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்களாம், குழந்தையைப் பாரில் உட்கார வைக்கலாம் என்பதற்காக. சராசரியாக 152 செ.மீ. உயரமே உள்ள நம் பெண்கள் 82 செ.மீ. பாருக்கு மேல் குழந்தையையும் வைத்து ஓட்டினார்கள் என்பதைப் படிக்கும்போது, வண்டி செய்தவர்களுக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சக்கரத்தின் மேலேயே கை வைத்தவர் அலெக்ஸ் மோல்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1962-இல் 16 அங்குலச் சிறு சக்கரங்களும், அதிர்வு தாங்க ரப்பர் வில்லும் கொண்ட சைக்கிளை வெளியிட்டார். ஒரே வண்டி நெட்டைக்கும் குட்டைக்கும் பொருந்தியது. அதே ஆண்டில் ஜான் உட்பர்ன் என்ற வீரர் இதில் கார்டிப்-லண்டன் பந்தயச் சாதனையை முறியடித்ததும், சிறு சக்கரம் மெதுவானது என்ற பேச்சு அடங்கியிருக்க வேண்டும். முழுதும் அடங்கவில்லை.

1985-இல் அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற இயந்திரப் பொறியாளர் பெண்களுக்கென வண்டி செய்யத் தொடங்கினார். பின்சக்கரம் வழக்கமான அளவு. முன்சக்கரம் மட்டும் 24 அங்குலம். பார்ப்பதற்கு விந்தை; காரணம் எளிது.

நம் மாணவியின் வண்டியை அளந்தோம். பெடல் அச்சிலிருந்து முன்சக்கர அச்சு 58 செ.மீ. முன்சக்கரத்தின் ஆரம் டயரோடு 34. கிராங்கின் நீளம் 17. பெடலுக்கு முன்னே நீளும் செருப்பு 10. கூட்டினால் 61. மூன்று சென்டிமீட்டர் இடிக்கிறது! இதைத் தவிர்க்க முன்சக்கரத்தை இன்னும் தள்ளினால் கைப்பிடியும் தள்ளிப்போகும். ஏற்கெனவே தள்ளியிருந்ததால்தான் அவள் கையை நீட்டிக் கழுத்தை நிமிர்த்தி வலியோடு ஓட்டினாள். பெரிய சக்கரத்துக்கு மேலே பிரேமைக் கட்ட வேண்டியிருந்ததால் பாரும் உயர்ந்தது. மூன்று குறைக்கும் வேர் ஒன்றே. டெர்ரியின் முன்சக்கரத்தில் ஆரம் ஏறத்தாழ 29 செ.மீ.; கூட்டுத் தொகை 56 ஆகிவிடும்.

உட்கால் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலுடன் சுவரில் முதுகு பட நின்று, ஒரு கெட்டி நோட்டைக் கால்களுக்கிடையே சீட்டில் அழுந்துவதுபோல் மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அவளுக்கு 68 செ.மீ. வந்தது, பார் இருந்த உயரம் 72.

வண்டியை நட்டத்துக்குத்தான் விற்றாள். மடக்கக்கூடிய, 20 அங்குலச் சக்கர வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். முன்னால் 52 பல். பின்னால் 13 முதல் 28 வரை. கணக்குப்படி 80 அங்குலத்திலிருந்து 37 அங்குலம் வரை கியர் கிடைக்கிறது. எதிர்க்காற்றுக்கு அந்த 37 மிகவும் உதவும். ஆரக்கம்பிகள் குட்டையாதலால் சக்கரம் கெட்டி. கேரியரில் மூட்டையும் தாழ்வாக இருக்கும். குண்டு குழியில் அதிர்வு சற்றுக் கூடுதல்தான். பருமனான டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தாள்.

முதலில் வேம்பார் வரை போய்வந்தாள். கழுத்து வலி இல்லையாம். ஊருக்குள் நுழைந்தபோது பையன்கள் “சர்க்கஸ் சைக்கிள்” என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்களாம். அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுச் சீட்டை அடிமட்டம் வரை இறக்கிக் கொடுத்திருக்கிறாள். அவன் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, இறங்க மறுத்துவிட்டான்.