கை தொடாத சுவிட்சு

கார் விளக்கு எரிவதற்கு 12 வோல்ட்டு மின்கலம் நேர்மின்னோட்டம் தருகிறது. அம்மின்னோட்டத்தை விடவும் நிறுத்தவும் மாந்தர் கண்ட வழிகளின் வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீள்வது. அதில் நம் ஜொகூர் மாநிலத்திற்கும் பங்குண்டு.

வீட்டிற்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டு மீள்கிறது. ஆதலின் அதைத் துண்டித்தல் எளிது. நேர்மின்னோட்டமோ இடைவிடாது ஓடுவது. சுவிட்சின் முனைகள் பிரியுங்கால் பொறி தோன்றும். முனைகள் நாளடைவில் கருகித் தேயும்.

1830-களில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, மெல்லிய மின்னோட்டத்தால் மின்காந்தத்தை இயக்கி, வலிய மின்சுற்றை ஆளும் வழியைக் காட்டினார். இதுவே ரிலே. தந்தித் துறைக்கு உதவிய இக்கருவி, பின்னர்க் காரிலும் நெடுங்காலம் பணி செய்தது. எனினும் அதன் முனைகளும் தேய்வனவே.

அசையும் உறுப்பில்லாத சுவிட்சுக்கு 1947 டிசம்பரில் வழி பிறந்தது. பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டன் இருவரும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். ஷாக்லியுடன் அவர்கள் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். 1959, 1960 ஆண்டுகளில் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த அட்டாலாவும் காங்கும் 'மாஸ்பெட்' என்னும் வகையை உருவாக்கினர். இதன் வாயில் முனைக்கும் சிலிக்கனுக்கும் இடையே மெல்லிய காப்புப் படலம் உண்டு. வாயிலில் மின்னழுத்தம் தந்தால் மின்னோட்டத்திற்கு வழி திறக்கும், நீக்கினால் அடையும். திறந்து வைக்க வாயிலினூடே தொடர்ந்து மின்னோட்டம் செல்ல வேண்டுவதில்லை. பொறியுமில்லை, தேய்வுமில்லை.

இத்தகைய சில்லுகளைச் சட்டத்தில் பொருத்தி, நுண்கம்பி இணைத்து, உறையிட்டுச் சோதிக்கும் தொழில் 1970-களில் மலேசியாவில் வேரூன்றியது. இன்று எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் எனப்படும் நிறுவனத்தின் ஆலை மூவாரில் உள்ளது. 2021-இல் கொரோனாத் தொற்று அவ்வாலையின் பணியைத் தடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மலேசியச் சில்லுத் தட்டுப்பாட்டால் நிசான் தன் அமெரிக்க டென்னசி ஆலையை இரண்டு வாரம் நிறுத்த நேர்ந்தது. விரல்நுனியளவுச் சுவிட்சின்றிப் பெருங்கார் ஓடாது என்பதை உலகம் அன்று கண்டது.

நம் முன்னோர் வெட்டிய பால் காரின் சக்கரமாயிற்று. அப்போது தொழிலாளர் கற்க வேண்டியது மரத்தின் இயல்பு. இன்று அவர்தம் பேரக் குழந்தைகள் கற்க வேண்டியது சிலிக்கனின் இயல்பு. மின்கலம், ரிலே, டிரான்சிஸ்டர் மூன்றையும் மேசைமேல் வைத்து, தமிழிலேயே இதை விளக்குதல் ஆசிரியர்க்கு இயலும். அவ்வறிவைப் பெறாத மாணவன் ஆலையில் பொருத்துபவனாக மட்டுமே நிற்பான். பெற்றவன் வடிவமைப்பவனாகவும் உயரலாம்.