அவசர ஊர்தியில் நோயாளி மதிப்பீடு

மருத்துவமனை சென்று சேருமுன் நோயாளியின் நிலையை ஊர்திப் பணியாளர் அளந்தறியும் முறை. உயிராபத்து உண்டா என்று பார்த்தபின், விபத்தில் அடிபட்டவருக்கு உடற்சோதனை முந்தும். காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல் என நோய்வாய்ப்பட்டவருக்கு விசாரிப்பு முந்தும். நோய்க்குப் பெயரிடுவது இப்பணியில் அடங்காது. தமிழ்நாட்டில் இம்மதிப்பீட்டைச் செய்பவர் 108 அவசர ஊர்தியில் வரும் மருத்துவ உதவியாளர்.

வரலாறு

பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே 1790களில் அமைத்த ‘பறக்கும் ஊர்தி’யே அவசர ஊர்திகளின் முன்னோடி என்பர். ஆனால் அது போரில் காயமுற்றோருக்கானது. நோயாளிக்கான ஊர்திகளுக்கு ஒரு முன்னோடி லண்டன். அங்கே பெரியம்மை கண்டவர்கள் வாடகைக் குதிரை வண்டியில் ஏறிப்போக, அடுத்து ஏறியவரையும் நோய் பற்றியது. எனவே 1867இல் அமைந்த பெருநகர் காப்பக வாரியம், 1880களில் தொற்றுநோயாளிகளுக்கென்றே குதிரை வண்டி நிலையங்களை ஏற்படுத்தியது. பெரியம்மை நோயாளிகள் தேம்ஸ் ஆற்றில் படகேறி, மருத்துவமனையாக மாற்றப்பட்ட கப்பல்களுக்குச் சென்றனர்.

இந்தியாவில் 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரயில் பயணிகளுக்குக் காய்ச்சல் உண்டா, நெறி கட்டியிருக்கிறதா என்று நிலையங்களில் பார்க்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தனித்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சில நோய்களை அதிகாரிகளுக்கு உடனே தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது.

108 சேவை 2005இல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இதன் கட்டுப்பாட்டு மையம் சென்னை, தேனாம்பேட்டையில் உள்ளது.

முறை

பணியாளர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். எல்லாருடைய இரத்தமும் உடல்நீர்மங்களும் தொற்றுள்ளவை எனக் கொண்டு கையுறை அணிவது பொது விதி. இருமலுள்ள நோயாளிக்கு முகக்கவசம் இட்டு, வண்டியின் சன்னலைத் திறந்துவைப்பர்.

அடுத்து மூச்சுவழி, மூச்சு, இரத்தவோட்டம் என்னும் வரிசையில் உயிராபத்து தேடப்படும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சும், 60 முதல் 100 வரை நாடித்துடிப்பும் இயல்பு. நினைவுநிலையைக் கிளாஸ்கோவில் 1974இல் வகுத்த அளவுகோலால் 3 முதல் 15 வரை மதிப்பெண்ணிட்டுக் குறிப்பர். பின்னரே விசாரிப்பு: தொல்லை எப்போது தொடங்கியது, ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து எடுக்கிறார், கடைசியாக என்ன சாப்பிட்டார், வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா.

பணியாளரின் நோக்கில் தொற்றுகள் நான்கு வகை:

1. காற்றில் பரவுவன: காசநோய், தட்டம்மை. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் காசநோய் ஐயத்துக்குரியது.
2. நீர், உணவு வழி பரவுவன: காலரா, டைபாய்டு.
3. இரத்தவழி பரவுவன: மஞ்சட்காமாலை பி வகை, எச்ஐவி. ஊசி குத்திவிட்டால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.
4. பூச்சிவழி பரவுவன: டெங்கு, உண்ணிக் காய்ச்சல். பின்னதில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ கருத்த பொருக்கு இருக்கலாம். நோயாளியைத் தொடுவதால் இவை ஒட்டுவதில்லை.

கள்ளக்குறிச்சி வட்டாரம்

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாந்தியும் வயிற்றுவலியும் மட்டும் பார்த்தால் கெட்ட உணவோ காலராவோ என்று எண்ணத் தோன்றும். கண் மங்குகிறதா, என்ன குடித்தார் என்ற இரண்டு கேள்விகளே வேறுபடுத்திக் காட்டுவன. மதிப்பீட்டில் கருவியைவிடக் கேள்வி பெரிது என்பதற்கு இதுவே சான்று.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் உருவானது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் வண்டி வீட்டு வாசலுக்கே வரும். கல்வராயன் மலையில், சாலை எட்டாத சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்து, வண்டி நிற்கும் இடத்தில் சேர்க்கிறார்கள். அங்கே மதிப்பீடு தார்ச்சாலையில்தான் தொடங்குகிறது.