காந்தி மன்றமும் சேலம் சிறையும்

மனிதர் எல்லோரும் சமம் என்று 1776இல் எழுதிய அமெரிக்கத் தலைவர் ஜெஃபர்சன், வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். கொள்கைக்கும் கைக்கும் இடையிலான இந்த இடைவெளி ராஜபாளையத்துக்கும் அந்நியமல்ல.

பூ.ச. குமாரசாமி ராஜா 1898இல் இவ்வூரில் பிறந்தவர். காந்தியின் வழியில் சிறை சென்றவர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பதவிக்கு வந்தபின் சொத்து சேர்ப்பவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு, இருந்த வீட்டையும் கொடுத்தவர் என்பது சிறிய செய்தியல்ல.

1949 ஏப்ரலில் அவர் சென்னை மாகாண முதல்வரானார். அதே ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. ஏராளமானோர் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள்.

1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

சுட உத்தரவிட்டவர் முதல்வர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்சி அவருடையது. வெள்ளையர் சிறையின் கொடுமையை உடம்பால் அறிந்த ஒருவரின் ஆட்சியில், கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அவர் கொடுத்த வீடு இந்தக் கணக்கை நேர்செய்யாது; இந்தக் கணக்கு அந்த ஈகையைப் பொய்யாக்கவும் செய்யாது. இரண்டையும் சேர்த்தே அவர் வரலாறு எழுதப்பட வேண்டும்.

1952 தேர்தலில் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார். முதல்வராக இருந்தபடியே தோற்றார்.