தழும்பு பேசுகிறது!

1948-ம் வருடம். நாலு படி ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. ராத்திரி மல்லாந்து படுக்க முடியவில்லை. காரணம், சின்ன வயசில் வந்துபோன ஒரு தொண்டை வலி! அதைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைத் தடிக்கவைத்துச் சுருக்கிவிட்டது. கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. மருந்தெல்லாம் தற்காலிக ஆறுதல்தான். 'ஆபரேஷன் பண்ணலாம்' என்கிறார் டாக்டர். சம்மதிப்பீர்களா?

அவசரப்படாதீர்கள். அந்த ஆபரேஷனின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிவிடுவோம்.

1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற சர்ஜன், துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் விரலை விட்டு, ஒரு சிறுமியின் வால்வை விலக்கினார். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால், மற்ற டாக்டர்கள் அவரிடம் அடுத்த நோயாளியை அனுப்பவேயில்லை! இதயத்தில் கை வைப்பதே தப்பு என்று நினைத்த காலம் அது.

இருபது வருடம் கழித்து, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி மறுபடி முயன்றார். வரிசையாக நோயாளிகள் இறந்தார்கள். 1948 ஜூன் 10 அன்று, ஒரே நாளில், இரண்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டு ஆபரேஷன்! எதற்கு இரண்டு? முதலாவது தோற்றால், சேதி பரவி யாரும் தடுப்பதற்குள் அடுத்ததை முடித்துவிடத்தான். முதல் நோயாளி இறந்தார். இரண்டாவதாகப் படுத்த இளம்பெண் பிழைத்தாள்.

ஆறே நாளில் பாஸ்டனில் டுவைட் ஹார்கனும் ஜெயித்தார். ஆனாலும், ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்ததால் 'இனி வேண்டாம்' என்று மனசு உடைந்துபோனார். சக டாக்டர் ஒருவர்தான் தேற்றி, திரும்ப அழைத்து வந்தார்.

இப்போது சொல்லுங்கள், சம்மதிப்பீர்களா?

இந்த பயத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, நோயாளிகள்! 1951-ல் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், ஹார்கனிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நான்கு பேர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர், 'மெண்டட் ஹார்ட்ஸ்'. அதாவது, பழுது பார்த்த இதயங்கள். வேலை? ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. அவ்வளவுதான்! டாக்டர் சொல்லும் தைரியம் வேறு, தழும்பு உள்ளவன் சொல்லும் தைரியம் வேறு இல்லையா? அந்தச் சங்கம் இன்று அமெரிக்கா முழுக்கக் கிளைவிட்டு நிற்கிறது.

பேசுவதற்கு விஷயமும் கூடிப்போனது. 1960-ல் ஸ்டார்-எட்வர்ட்ஸ் செயற்கை வால்வு வந்தது. 1990-ல் நம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கிய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ராத்திரி நிசப்தத்தில் நெஞ்சுக்குள் கேட்கும் 'டிக் டிக்', ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் பூராவும் மாத்திரை, பல் பிடுங்கப் போனால்கூட 'எனக்கு வால்வு இருக்கிறது' என்று முதலில் சொல்லவேண்டிய ஜாக்கிரதை... இதையெல்லாம் அனுபவித்தவர் சொல்லும்போதுதான் மனசில் பதிகிறது.

அவர்கள் சொல்லவேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்த வால்வு கோளாறு இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரத்தில் மூட்டு மாற்றி மூட்டு வீங்கி வலித்தால், 'வளர்கிற வயசு' என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். காலத்தில் போடும் பென்சிலின், பின்னாளில் மார்பைப் பிளக்கும் வேலையையே மிச்சப்படுத்திவிடும்!